அழுகை வராவிட்டால் மனந்திரும்புதல் பொய்யா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஆபீசில் இரண்டு வருஷமாகப் போலிப் பயண பில் வைத்துப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வந்ததும் நிறுத்திவிட்டீர்கள், பிறகு மனசாட்சி உறுத்த, தேவனிடம் அறிக்கையும் செய்துவிட்டீர்கள். ஆனால் உபவாச ஜெபத்தில் எல்லாரும் முழங்காலில் விழுந்து கதறும்போது உங்கள் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. உங்கள் நண்பரோ ஒவ்வொரு கூட்டத்திலும் தேம்பித் தேம்பி அழுகிறார், அடுத்த வாரமே மறுபடி குடிக்கப் போய்விடுகிறார். "எங்கள் இரண்டு பேரில் யாருடைய மனந்திரும்புதல் பொய்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டில் எதையும் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அழுகிறவரைப் பார்த்து "நடிப்பு" என்பதும், அழாதவரைப் பார்த்து "கல்நெஞ்சம்" என்பதும் நம் சபைகளில் சர்வசாதாரணமாகிவிட்டது. இரண்டு பேச்சாலும் நொந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேதத்தைப் புரட்டிப் பார்த்தால் அது கண்ணீரின் அளவைக் கேட்பதாகவே தெரியவில்லை. அந்தத் துக்கம் ஆளை எந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போகிறது, கடைசியில் யார் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

நிறைய அழுத ஒருவரிடமிருந்து தொடங்குவோம். சவுல் ராஜா 3,000 பேரைக் கூட்டிக்கொண்டு தாவீதைத் தேடி எங்கேதி வனாந்தரத்துக்குப் போகிறான். தாவீது ஒளிந்திருக்கும் குகைக்குள்ளேயே தெரியாமல் நுழைகிறான். தாவீது அவனைக் கொல்லாமல், சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்து எடுத்துக்கொள்கிறார். பிறகு வெளியே வந்து அதைத் தூக்கிக் காட்டுகிறார். சவுல் சத்தமிட்டு அழுகிறான். "நீ என்னைப்பார்க்கிலும் நீதிமான்" என்று படையின் முன்னாலேயே ஒத்துக்கொள்கிறான். நம் கன்வென்ஷன் மேடையில் இது நடந்திருந்தால் அன்றைக்கே சாட்சி சொல்லச் சொல்லியிருப்போம். ஆனால் 1 சாமுவேல் 26-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். மறுபடியும் தாவீதைத் தேடிப் போகிறான்: அதே சவுல், அதே 3,000 பேர், இந்த முறை சீப் வனாந்தரம்.

அந்த அழுகை நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. சாவு பக்கத்தில் வந்து தொடாமல் போனதை உணர்ந்த மனுஷனின் உண்மையான அழுகை அது. ஆனால் அவன் பேசியதைக் கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும். தனக்குள் இருந்த பொறாமையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அழுகையோடு அழுகையாக, தன் சந்ததியை அழிக்கக்கூடாது என்று தாவீதிடம் ஆணை வாங்கிக்கொள்கிறான். நெஞ்சு உருகியது, ஆனால் உருகிய நெஞ்சு தன் வீட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது. அதிர்ச்சி அடங்கியதும் கண்ணீரும் அடங்கிவிட்டது. பொறாமை இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கு நேர் எதிராக தாவீதையே பாருங்கள். அடுத்தவன் மனைவியான பத்சேபாளை அவர் எடுத்துக்கொண்ட விஷயத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொன்னபோது அவருக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் வேறொருவன் மேல். "நீயே அந்த மனுஷன்" என்று கேட்ட பிறகு அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்: "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." அந்த இடத்தில் அவர் அழுததாக எழுதப்படவில்லை. அந்த அதிகாரத்தில் வருகிற அழுகையும் உபவாசமும் வியாதியாய்க் கிடந்த பிள்ளைக்காக. அவர் உள்ளம் நொறுங்கியது 51-ஆம் சங்கீதத்தில் தெரிகிறது. அங்கேகூட அவர் தன் துக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டவில்லை. சுத்த இருதயத்தையும், போய்விட்ட சந்தோஷத்தையும் கொடுங்கள் என்று கேட்கிறார். சரியான உணர்வையே தேவனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த ஜெபத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இனி பவுல். கொரிந்து சபைக்கு அவர் ஒரு கடுமையான கடிதம் எழுதினார். எழுதிவிட்டு அவரே வருத்தப்பட்டார், அதை மறைக்காமல் சொல்கிறார். தீத்து வந்து சபையார் மனம் திரும்பிவிட்டார்கள் என்று சொல்லும்வரை அவருக்கு நிம்மதி இல்லை. அப்போது எழுதியதுதான் 2 கொரிந்தியர் 7. நீங்கள் துக்கப்பட்டதற்காக நான் சந்தோஷப்படவில்லை, அந்தத் துக்கம் உங்களை மனந்திரும்புதலுக்குக் கொண்டுவந்ததற்காகச் சந்தோஷப்படுகிறேன் என்கிறார். "தேவனுக்கேற்ற துக்கம்", "லௌகிக துக்கம்" என்று இரண்டாகப் பிரிப்பதும் இங்கேதான். பலரும் 10-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 11-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். தேவனுக்கேற்ற துக்கம் அவர்களிடம் என்னென்ன உண்டாக்கியது என்று பவுல் அடுக்குகிறார்: ஜாக்கிரதை, வெறுப்பு, பயம், ஆவல், பக்திவைராக்கியம் என்று போகிறது. இவை எல்லாமே உணர்ச்சி கலந்தவைதான், வெறும் தீர்மானம் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் காலை எடுத்து வைக்கிற உணர்ச்சி. உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற உணர்ச்சி ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் செயல்தான் முக்கியம், உணர்ச்சி எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது, தம்பி. யூதாஸ் குறுக்கே நிற்கிறான். மத்தேயு 27-ஐப் பொறுமையாகப் படியுங்கள். அவன் மனஸ்தாபப்பட்டான். வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். "குற்றமில்லாத இரத்தத்தை" காட்டிக்கொடுத்தேன் என்று வெளிப்படையாக அறிக்கை செய்தான். துக்கம், அறிக்கை, பணத்தைத் திருப்பிக்கொடுத்தல், எல்லாம் இருக்கிறது. நாம் வழக்கமாக ஒருவரிடம் எதிர்பார்க்கிற எல்லாவற்றிலும் அவன் தேறிவிடுகிறான். ஆனால் அவன் போய் நின்றது பிரதான ஆசாரியர் முன்னால். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அவர்கள் கைகழுவினார்கள். மன்னிக்கக்கூடிய ஒரே ஆளிடம் அவன் போகவில்லை. அவனுடைய துக்கத்துக்குள் இரக்கம் நுழைய ஒரு வாசல்கூட இல்லை.

பேதுருவும் அதே இரவில் விழுந்தவர்தான். மூன்று முறை மறுதலித்தார், சேவல் கூவியது, வெளியே போய் மனங்கசந்து அழுதார். யூதாஸின் வேதனையைவிட அவருடைய அழுகை பெரியது என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. வித்தியாசம் யோவான் 21-இல் தெரிகிறது. கரையில் நிற்பது கர்த்தர் என்று கேள்விப்பட்டதும், படகு கரை சேரும்வரைகூடப் பொறுக்காமல் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். மறுதலித்தவர் ஒளிந்துகொள்ளத்தானே வேண்டும்? அவர் அந்த முகத்தை நோக்கியே போகிறார். அப்புறம் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்றாம் முறை கேட்கப்பட்டபோது துக்கப்பட்டார் என்றும் எழுதியிருக்கிறது. நேசிக்கிறவர் முன்னால் நின்றுகொண்டு பட்ட துக்கம் அது. மனந்திரும்புதலில் உணர்ச்சியின் இடம் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கரையைத்தான் காட்டுவேன்.

இரக்கம் தெரியாத துக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சபை வரலாற்றிலும் ஒரு வேதனையான சாட்சி உண்டு. 1734-35 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், நார்த்தாம்ப்டன் என்ற ஊரில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் ஊழியம் செய்த சபையில் பெரிய எழுப்புதல் வந்தது. அரை வருஷத்துக்குள் 300 பேருக்கு மேல் மனந்திரும்பியதாக அவர் எழுதினார். பாவ உணர்வால் ஊரே கலங்கிப்போயிருந்த அந்தக் காலத்தின் முடிவில், 1735 ஜூனில், எட்வர்ட்ஸுடைய தாயின் சகோதரியின் கணவர் ஜோசப் ஹாலி தன் ஆத்துமாவைக் குறித்த தீராத பயத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வு நோய் அந்தக் குடும்பத்தில் இருந்ததையும் எட்வர்ட்ஸ் மறைக்காமல் பதிவு செய்தார். அதற்குப் பிறகு எழுப்புதல் தணிந்துபோனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பதிலைப் படிக்கிற யாராவது, எத்தனை முறை அறிக்கை செய்தாலும் மன்னிப்பு கிடைக்கவில்லை என்று ராத்திரி தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு நான் கெஞ்சிச் சொல்கிறேன்: அந்தப் பாரம் பரிசுத்த ஆவியானவர் தருகிற உணர்த்துதல்தான் என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள். அவர் உணர்த்தும்போது குறிப்பாக ஒரு பாவத்தைத் தொட்டு, போகவேண்டிய வழியையும் காட்டுவார். எதைச் செய்தேன் என்றே தெளிவில்லாமல், எல்லாமே முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிற குரல் வேறு. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே மனதைத் திறந்து பேசுங்கள். ஆயரிடம் போங்கள், மனநல மருத்துவரிடமும் போங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்ல.

எட்வர்ட்ஸ் இவ்வளவையும் பார்த்த பிறகும் உணர்ச்சியே வேண்டாம் என்ற முடிவுக்குப் போகவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1746-இல் இதைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். உண்மையான பக்தி பெரும்பாலும் பரிசுத்தமான உணர்வுகளில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அதே நூலில், உணர்ச்சி பலமாக வருவதோ, உடம்பு நடுங்குவதோ, வசனங்கள் தாமாக நினைவுக்கு வருவதோ அது தேவனால் வந்தது என்றோ, அவரால் வரவில்லை என்றோ எதையும் நிரூபிக்காது என்றும் சொன்னார். அவர் சொன்ன பன்னிரண்டு அடையாளங்களில் கடைசியானது, மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பக்கங்கள் ஒதுக்கியது, வாழ்க்கையில் தெரிகிற நடை.

சரி, உங்கள் வறண்ட கண்ணுக்கு வருகிறேன். கண்ணீரை யாரையும்விட உயர்வாகப் பேசியவர்கள் பழைய துறவிகள். அவர்களில் ஒருவர் சீனாய் மலையில் மடத்துத் தலைவராக இருந்த யோவான் கிளிமாக்குஸ். ஆத்தும வாழ்க்கையை 30 படிகளாக எழுதியவர், அதில் ஏழாம் படி முழுவதும் பாவத்துக்காகத் துக்கப்படுவதைப் பற்றியது. ஞானஸ்நானத்துக்குப் பின் வருகிற கண்ணீரை ஞானஸ்நானத்தைவிடப் பெரியது என்று சொல்லும் அளவுக்குப் போனவர். அப்படிப்பட்டவரே அதே படியில் இன்னொன்றும் சொல்கிறார். சிலருக்குக் கண்ணீர் ஊற்றுபோலச் சுலபமாக வருவதைப் பார்த்தேன், சிலருக்குச் சில சொட்டுகளே இரத்தம் போல வலியோடு வருவதையும் பார்த்தேன். நான் மதித்தது அவர்கள் பட்ட பாட்டைத்தான், கண்ணீரை அல்ல, தேவனும் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன் என்கிறார். பதிமூன்று நூற்றாண்டு தாண்டி உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது, இல்லையா?

சிலர் எதற்கும் சுலபமாக அழமாட்டார்கள். அப்பா செத்தபோதுகூட அழாமல் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த மகன்களை நம் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குப் பாசம் இல்லை என்று யார் சொல்வார்? எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். அப்பா இறந்ததும் தங்கையிடம் நயமாகப் பேசி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, முழு நிலத்தையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டவர். பல வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவைப் பற்றிய பிரசங்கம். அவர் முன்னால் போகவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை, வழக்கம்போல பைபிளை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரமே பத்திர எழுத்தரைப் பார்த்து, தங்கையின் பங்கை அவர் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் அண்ணன் முகத்தில் சலனமே இல்லை, கையெழுத்துப் போடும்போது மட்டும் கை நடுங்கியது என்று அந்தத் தங்கை பிறகு சொன்னார். அந்த நடுக்கத்தை நான் எந்தக் கதறலுக்கும் குறைவாக வைக்கமாட்டேன்.

சகேயுவும் அழுததாக லூக்கா எழுதவில்லை. மரத்திலிருந்து இறங்கி இயேசுவைச் சந்தோஷத்தோடே ஏற்றுக்கொண்டான் என்றுதான் இருக்கிறது. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்று அவன் சொன்னது அந்தச் சந்தோஷத்தில். 1563-இல் ஜெர்மனியில் வந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூல் மனந்திரும்புதலை இரண்டு பாகமாக விளக்கும்போது, பாவத்துக்காக மனதார வருந்தி அதை வெறுத்து விலகுவதை ஒரு பாகமாகவும், கிறிஸ்துவின் மூலம் தேவனில் மனதாரச் சந்தோஷப்படுவதை மறுபாகமாகவும் வைக்கிறது. நாம் முதல் பாகத்துக்கு மட்டும் கூட்டம் போடுகிறோம். இரண்டாம் பாகத்தைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பயமும் தன் பங்குக்கு வேலை செய்யும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1551-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம்கூட, தண்டனைக்குப் பயந்து வருகிற மனஸ்தாபம் நிறைவானது அல்ல, ஆனாலும் தேவனுடைய ஈவுதான், ஒருவரை வழிக்குக் கொண்டுவரும் என்று சொன்னது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில்தான் பில் வைப்பதை நிறுத்தினேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆரம்பம் அங்கே இருக்கட்டும், அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

கூட்டங்களில் வரும் அழுகையையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். 1860-இல் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் காலத்துத் திருநெல்வேலி எழுப்புதலில் நம் ஜனங்கள் கதறித்தான் பாவத்தை அறிக்கையிட்டார்கள். 1907 ஜனவரியில் கொரியாவின் பியாங்யாங்கில் நடந்ததும் அப்படித்தான். அங்கே கில் சொன்-ஜு என்ற மூப்பர் சபை நடுவில் எழுந்தார். சாகும்போது ஒரு நண்பர் தன் சொத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்ததையும், அந்த விதவைக்குச் சேரவேண்டிய பணத்தில் தான் எடுத்துக்கொண்டதையும் எல்லார் முன்னாலும் சொன்னார், அதைத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். தொடர்ந்த நாட்களில் கூட்டம் முழுவதும் அழுதது. பிறகு அந்த ஜனங்கள் நகரத்துக்குள் வீடு வீடாகப் போய், திருடியதையும் ஏமாற்றியதையும் விசுவாசிகளுக்கும் விசுவாசிகள் அல்லாதவர்களுக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். அழுகை சபைக் கட்டடத்தை விட்டு வெளியே நடந்துபோனதால்தான் அந்த எழுப்புதலை இன்றும் பேசுகிறோம்.

எனக்கு வருத்தம் தருவது, அழுகையை வரவழைக்க முயல்வதுதான். கீபோர்டை மெதுவாக வாசிக்கச் சொல்லி, விளக்கைக் குறைத்து, "இன்னும் சிலர் உடையவில்லை" என்று மைக்கில் சொல்லும்போது, உங்களைப் போன்ற ஒருவர் பாவத்தை மறந்துவிட்டுத் தன் கண்ணையே கவனிக்க ஆரம்பித்துவிடுகிறார். 1830-இல் அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரக் கூட்டங்களில் சார்ல்ஸ் ஃபின்னி, கலங்கியவர்களை முன் இருக்கைக்கு வரச்சொல்லும் முறையைப் பிரபலமாக்கினார். முன்னால் வந்து உட்கார்வதையே மனந்திரும்புதலாக ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று அப்போதே எச்சரித்தவர்களும் இருந்தார்கள். ஊழியர்களிடம் என் வேண்டுதல் ஒன்றுதான்: நாத்தான் செய்ததைச் செய்யுங்கள். அவர் தாவீதை அழச் சொல்லவில்லை, ஏழையின் மடியில் படுத்த ஆட்டுக்குட்டியைக் காட்டினார்.

நீங்களும் அதையே செய்து பாருங்கள். அழ முயற்சி செய்யாதீர்கள், பார்க்க முயற்சி செய்யுங்கள். "நான் பாவி" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த மாதம் எந்த ஊருக்குப் போகாமலே போனதாக எழுதினீர்கள் என்று தேவன் முன்னால் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். உங்கள் பில்லை நம்பிக் கையெழுத்துப் போட்ட அக்கவுண்ட்ஸ் ஆளின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது துக்கம் வரலாம். வராவிட்டாலும் கவலை இல்லை, ஜெபத்தில் கேளுங்கள், கேட்டுக்கொண்டே அடுத்த வேலையைச் செய்யுங்கள்.

உங்கள் நண்பரை நடிகர் என்று நினைக்காதீர்கள். குடி அவரைப் பிடித்திருக்கிறது, அவருடைய கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம். கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் குடிநோய் சிகிச்சை மையத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள். அவருடைய அழுகைக்குக் கால் முளைக்க ஒரு துணை தேவைப்படுகிறது.

உங்களுக்கு இன்னும் பாக்கி இருப்பது அந்தப் பணம். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கு இன்று சட்டமாக நம்மைக் கட்டுகிறதா என்ற விவாதம் தனி, மனது சுத்தமாக அதைவிட நல்ல அளவை நான் பார்த்ததில்லை. முதலில் வீட்டில் சொல்லுங்கள், வேலை போனாலும் போகலாம் என்பதை அவர்களும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மேனேஜரைத் தனியாகப் பார்த்து, காரணங்கள் எதையும் அடுக்காமல், இத்தனை பில், இவ்வளவு தொகை என்று எழுதிக் கொடுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சரியாக நினைவுக்கு வராத பில்களுக்கு, அதிகமான தொகையையே கணக்கில் வையுங்கள்.